படிவத்தில் ஒரு வரி: பொறுப்பான ஆய்வும் புத்தாக்கமும், ஓர் எளிய அறிமுகம்

2021இல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆக்சிமீட்டர் தந்தது நினைவிருக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி. இப்போது பல வீடுகளில் அது தைல பாட்டிலுக்கும் தீர்ந்துபோன பேட்டரிக்கும் நடுவே ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கும்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கருவி அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இந்த இரண்டு ஒளியையும் ஒரு விதமாக உறிஞ்சும், ஏறாத ரத்தம் வேறு விதமாக உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு. ஆனால் நடுவில் தோல் இருக்கிறதே! தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்த அளவையும் கருவி காட்டிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தும் கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டியது, வெள்ளை இன நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது.

நம் வீட்டுக்கு வந்த கருவி தப்பாகக் காட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கறுத்த தோல் உள்ளவர்கள் நிறைய இருக்கும் ஒரு சமூகம் இந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியாது. யார் தப்பு இது?

கருவியை வடிவமைத்த பொறியாளர் இனவாதியா? அநேகமாக இல்லை. அவர் விதியின்படிதான் சோதித்திருப்பார். அந்த விதியைப் பாருங்கள்: 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர், அல்லது மொத்தத்தில் 15 விழுக்காடு, இதில் எது அதிகமோ அது. இரண்டே பேர்! அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அதனால் அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் செய்யவில்லை. 2025 ஜனவரியில் அதே நிர்வாகம் ஒரு புது வரைவை வெளியிட்டது. குறைந்தது 150 பேர் வேண்டும், வெளிர் நிறத்திலிருந்து கருநிறம் வரை எல்லா வகைத் தோலும் போதிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது அந்த வரைவு. இரண்டு தேதிகளுக்கும் இடையில் பொறியாளர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. விதிதான் மாறத் தொடங்கியது.

‘பொறுப்பான ஆய்வும் புத்தாக்கமும்’ என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கதையே பாதி போதும். மீதிப் பாதி, அந்த விதிகள் எங்கே இருக்கின்றன, யார் மாற்றுகிறார்கள் என்பது.

பொய் சொல்லாமல் இருந்தால் போதாதா?

ஆய்வில் நேர்மை என்பது பழைய விஷயம். தரவைக் கற்பனையாக உருவாக்காதே, அடுத்தவர் எழுத்தைத் திருடாதே, செய்யாத சோதனையைச் செய்ததாகச் சொல்லாதே. இதற்கு உலக அளவில் ஓர் அறிக்கை இருக்கிறது, அதற்கு நம் ஊர் பெயர்தான்: ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கை. 2010 ஜூலையில் இங்கே நடந்த உலக மாநாட்டில் உருவானது. நான்கு கொள்கைகள், பதினான்கு பொறுப்புகள். அச்சிட்டால் ஒரே பக்கம். என்னைப் போல ஆய்வு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மேசையில் எங்காவது அதன் பிரதி ஒன்று இருக்கும்.

ஆனால் ஆக்சிமீட்டர் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. தரவு சரி, கட்டுரை சரி, விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் ஒரு பகுதி மக்களுக்குக் கருவி சரியாக உதவவில்லை. நேர்மைக்கு அப்பால் வேறு சில கேள்விகளும் வேண்டும் என்பதே இந்தப் புதுக் கருத்தின் அடிப்படை. இந்த ஆய்வு யாருக்காக? யார் கணக்கில் வரவில்லை? பத்து வருடம் கழித்து இதை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்? யாரிடமாவது கேட்டோமா? கேட்டு, அதற்குத் தகுந்தபடி எதையாவது மாற்றினோமா?

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சொற்றொடரைத் தன் ஆய்வு நிதித் திட்டத்திலேயே சேர்த்தது. 2014இலிருந்து 2020 வரை ஓடிய ‘ஹொரைசன் 2020’ திட்டத்தில் பொதுமக்கள் பங்கேற்பு, பாலினச் சமத்துவம், அறிவியல் கல்வி, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் ஆய்வு முடிவுகள், நெறிமுறை, நிர்வாகம் ஆகியவற்றை இதன் ஆறு திறவுகோல்கள் என்றார்கள். 2014 நவம்பரில் ரோம் நகரில் இதை வலியுறுத்தி ஒரு பிரகடனமும் வந்தது. பிரிட்டனில் கொஞ்சம் வேறு பாதை. அங்கே ஆய்வாளர்கள் சிலர் 2013இல் நான்கு பழக்கங்களைச் சொன்னார்கள்: முன்கூட்டியே யோசிப்பது, தன் அனுமானங்களைத் தானே கேள்வி கேட்பது, வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வது, கிடைத்த பதிலுக்கேற்ப வளைந்து கொடுப்பது. எனக்கு அந்த ஆறைவிட இந்த நான்கு பிடிக்கும். ஆறு என்பது அலுவலகத் துறைகளின் பட்டியல் மாதிரி இருக்கிறது.

அந்த நான்கும் வெறும் யோசனையில் பிறந்தவையும் அல்ல. பூமியைக் குளிர்விக்க வானத்தில் நுண்துகள்களைத் தூவ முடியுமா என்று பார்க்க, பிரிட்டனில் ஒரு குழு பலூனில் குழாய் கட்டி ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பித் தண்ணீர் தெளித்துப் பார்க்கத் திட்டமிட்டது. வெறும் தண்ணீர்தான், யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் நிதி கொடுத்த அமைப்பு, ‘இந்தச் சோதனை எதற்கு முதல் படி, மக்கள் என்ன நினைக்கிறார்கள், இதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகே பறக்கவிடலாம்’ என்று ஒரு தடுப்பு வைத்தது. 2011இல் சோதனை தள்ளிப்போனது. அப்புறம் திட்டத்தோடு தொடர்புடைய சிலர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது தெரியவந்து, 2012இல் வெளிக்களச் சோதனையே கைவிடப்பட்டது. பணப்பையைக் கையில் வைத்திருப்பவர் கேள்வி கேட்டால் மட்டும் எல்லாருக்கும் காது கேட்கிறது, என்ன செய்வது.

கொசுவை விடப்போகிறோம், கேளுங்கள்

நம் ஊரில் ‘பொறுப்பான ஆய்வு’ என்ற பெயர்ப்பலகை அதிகம் தென்படாது. விஷயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ‘வொல்பாக்கியா’ கொசுத் திட்டம்.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் அபராதம். அதிகாரி வீட்டுக்கே வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலிருந்தே ‘கொசுவை ஒழி’ என்றுதான் பாடம். அப்படிப்பட்ட ஊரில், தேசிய சுற்றுப்புற வாரியம் ஒரு நாள் வந்து ‘உங்கள் புளோக்கில் கொசு விடப்போகிறோம்’ என்றால் எப்படி இருக்கும்?

அறிவியல் என்னவோ கெட்டிக்காரத்தனமானது. வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ் (டெங்கியைப் பரப்பும் வகை) கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது. விட விட அடுத்த தலைமுறை குறையும். ஆனால் மின்தூக்கிக்காக நிற்கும் பாட்டியிடம் போய் பாக்டீரியா கதை சொன்னால் எடுபடாது. அவர் கண்ணுக்குத் தெரிவது, நேற்றைவிட இன்று அதிகமாகப் பறக்கும் கொசுதான்.

வாரியம் 2016 அக்டோபரில் பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய மூன்று வட்டாரங்களில் சிறிய அளவில் தொடங்கியது. கொசு வெளியே வருவதற்கு முன்பே குடியிருப்பாளர்களிடம் பேச்சு தொடங்கிவிட்டது. சாலைக் காட்சிகளில் ஆண் கொசு நிறைந்த பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். விட்டுப் பார்த்தவர்களுக்குக் கடிக்கவில்லை. அந்த ஒரு பெட்டி பத்துத் துண்டுப்பிரசுரத்துக்குச் சமம் என்பது என் கருத்து. பேசியதில் வந்த கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. தவறிப்போய்ப் பெண் கொசு சேர்ந்து வந்தால்? இது மற்ற பூச்சிகளுக்குத் தாவுமா? ஏடிஸ் போன இடத்தில் வேறு கொசு வந்து உட்காருமா? இவையெல்லாம் ஆய்வாளர்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்தான்.

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. அவ்வளவு நெருக்கடியிலும் திட்டத்தை ஒரே மூச்சில் தீவு முழுக்கப் பரப்பவில்லை. கட்டம் கட்டமாக விரித்து, இன்று லட்சக்கணக்கான வீடுகளை எட்டியிருக்கிறது. கொசு விடப்பட்ட இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதாக வாரியம் சொல்கிறது.

இதில் ஓர் ஆய்வாளரின் நல்ல மனசு மட்டும் வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்களிடம் பேசுவது அந்த அமைப்பின் வேலையாகவே இருந்தது. அதற்கு ஆள் இருந்தது, நேரம் இருந்தது. ஆய்வகத்தில் வேலை முடிந்து களைத்துப்போன ஒருவர் சனிக்கிழமை மாலை சமூக மன்றத்துக்குத் தானாகப் போய்ச் செய்த தொண்டூழியம் இல்லை இது.

மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச்சில் வந்த டிரேஸ்டுகெதர் செயலி, தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. முன்பு உறுதி தந்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் யோசிக்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அங்கேயே சொன்னார். சட்டம் பல காலமாக இருக்கிறது. செயலி அவசரத்தில் வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் வேலையாக ஒதுக்கப்படவில்லை போலும். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று தனிச் சட்டம் வந்தது. முன்கூட்டியே யோசிப்பது, கேட்டதற்கேற்ப வளைவது என்ற இரண்டில், முதலாவது தவறியது, இரண்டாவது நடந்தது.

நிறுவனம் எங்கே மாறுகிறது

இப்போது என் மேசைக்கு வருகிறேன். ‘நிறுவன மாற்றம்’ என்றால் பலருக்கும் பெரிய சொற்பொழிவு, புதுச் சின்னம், சுவரில் மாட்டிய நோக்க வாசகம் என்று தோன்றும். என் அனுபவத்தில் அது படிவத்தில் ஒரு வரி.

ஓர் உதாரணம். முதியோரின் தூக்கம் பற்றி ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பங்கேற்பவர்களுக்கான தகுதியில் ‘ஆங்கிலம் அல்லது சீனம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஏன் அந்த வரி என்று கேட்டால் பதில் நேர்மையாக வரும்: ஒப்புதல் தாளைத் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்க்க நிதியில் பணம் கேட்கவில்லை. வினாத்தாளின் தமிழ் வடிவம் சரியாக அளக்கிறதா என்று சோதிக்க நேரமும் இல்லை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாத்தா அத்துடன் அறிவியலிலிருந்து வெளியேறிவிட்டார். யாரும் அவரைத் தள்ளவில்லை, ஒரு செலவுப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டது, அவ்வளவுதான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு 200 பேரைத் தேர்ந்தெடுத்தால் அதில் ஐந்து பேர்தான் வருவார்கள். அந்த ஐந்து பேரும் தாள் புரியாமல் விலகினால் ஆய்வின் முடிவில் ஒரு கீறலும் விழாது. அதனால்தான் ‘அனைவரையும் சேருங்கள்’ என்று ஆய்வாளர்களுக்கு வகுப்பு எடுப்பதில் பெரிய பலன் இல்லை என்று நினைக்கிறேன். விண்ணப்பப் படிவத்தின் செலவுப் பகுதியில் ‘மொழிபெயர்ப்பு’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே அச்சாகி இருக்கட்டும். நிரப்பாமல் விட்டால் ஏன் என்று கேட்கட்டும். பாதி வேலை அதிலேயே முடியும்.

நேரமும் அப்படித்தான். ஆய்வு வடிவமைப்பெல்லாம் முடிந்து, நிதியும் கிடைத்த பிறகு, மனிதர்களிடம் செய்யும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவிடம் வருவது, சாம்பாரை இறக்கி வைத்த பிறகு பருப்பைப் போடுவது மாதிரி. குழு அப்போது செய்யக்கூடியது ஒப்புதல் தாளில் நாலு வாக்கியத்தைத் திருத்துவது மட்டுமே. யாரிடம் கேட்பது, எதை அளப்பது என்ற பெரிய முடிவுகளெல்லாம் முன்பே போய்விட்டன. அந்த பிரிட்டன் நிதி அமைப்பு மாதிரி, பணம் கொடுக்கும் இடத்திலேயே கேள்வி வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் பதவி உயர்வு. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேச விரும்ப மாட்டார்கள், ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். ஓர் இளம் ஆய்வாளரின் தகுதி எத்தனை கட்டுரை, எந்த இதழில், எவ்வளவு நிதி என்பதை வைத்தே பெரும்பாலும் எடைபோடப்படுகிறது. அவர் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் மூன்று மாலை நேரங்களைச் செலவழித்து, வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, தன் கேள்வித்தாளையே மாற்றினார் என்று வையுங்கள். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. போன மூன்று மாலையில் அவருடைய சக ஆய்வாளர் அரைக் கட்டுரை எழுதி முடித்திருப்பார். இதை மாற்ற உலக அளவில் முயற்சிகள் நடக்கின்றன. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான ஒரு பிரகடனம், கட்டுரை வெளியான இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்றது. 2019இல் ஹாங்காங்கில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து, பொறுப்பான ஆய்வுப் பழக்கங்களுக்கே மதிப்பெண் கொடுங்கள் என்ற கொள்கைகள் வந்தன. கையெழுத்துப் போட்ட இடமெல்லாம் நடைமுறையை மாற்றிவிட்டதா என்றால், மெல்ல மெல்லத்தான்.

சட்டத்தில் நமக்கு நல்ல அடித்தளம் உண்டு. 2000 டிசம்பரில் அரசாங்கம் உயிரியல் நெறிமுறைக்கான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. உயிர்மருத்துவ ஆய்வகங்களுக்கான பயோபொலிஸ் வளாகம் திறந்ததே 2003இல்தான். ஆய்வகக் கட்டடம் எழும்பும் முன்பே கேள்வி கேட்கும் குழு உட்கார்ந்துவிட்டது. கருவிலிருந்து எடுக்கும் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வு பற்றி அது சமய அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டது. 2004இல் மனிதக் குளோனிங்கைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2015இன் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: மேற்பார்வைப் பொறுப்பை அது ஆய்வாளர் தலையில் மட்டும் கட்டவில்லை, அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் மீதும் வைக்கிறது. ‘அவர் தனியாகச் செய்தார், எங்களுக்குத் தெரியாது’ என்று நிறுவனம் கைகழுவுவது கடினம்.

செயற்கை நுண்ணறிவிலும் 2019இல் ஒரு மாதிரி நிர்வாகக் கட்டமைப்பு, 2022இல் ‘ஏஐ வெரிஃபை’ என்ற சோதனைக் கருவி என்று வேகமாகவே போகிறோம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

டிக் அடிக்கும் ஆபத்து

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். படிவத்தில் வரி சேர்த்தால், மக்கள் அந்த வரியை நிரப்பக் கற்றுக்கொள்வார்கள். ‘பொதுமக்கள் பங்கேற்பு: ஆம், ஒரு கூட்டம் நடத்தப்படும்’ என்று வெட்டி ஒட்டிய வாக்கியத்தை நான் நிறையவே பார்க்கிறேன். இன்னும் சிலர், இதெல்லாம் ஆய்வைத் தாமதப்படுத்தும், சின்ன நாடு போட்டியில் பின்தங்கிவிடும் என்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2021இலிருந்து 2025 வரையிலான ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு நாடு முதலில் ஒதுக்கியது 25 பில்லியன் வெள்ளி. அவ்வளவு பணத்துக்கு வேகமாகப் பலன் கேட்பார்கள்தானே.

ஆனால் ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். ‘ஹொரைசன் 2020’ முடிந்ததும் பொறுப்பான ஆய்வுக்கென்று இருந்த தனி நிதிப் பிரிவு அடுத்த திட்டத்தில் தொடரவில்லை. பட்டறைகள், கையேடுகள், அழகான வலைத்தளங்கள் பலவும் திட்டக் காலத்தோடு மங்கிப்போயின. எது நிலைத்தது தெரியுமா? 2022இலிருந்து, ஐரோப்பிய ஆய்வு நிதி கேட்கும் பல்கலைக்கழகங்களும் பொது அமைப்புகளும் பாலினச் சமத்துவத் திட்டம் ஒன்றை வைத்திருந்தாக வேண்டும் என்ற விதி. அது தகுதி நிபந்தனை. இல்லையென்றால் பணம் இல்லை. பலர் அதையும் ஒப்புக்கு எழுதியிருக்கலாம். ஆனால் எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டால், உள்ளேயே வேலை செய்யும் ஒரு பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ‘இதில் சொன்னது எங்கே?’ என்று கேட்க முடியும். அதற்கு முன்பு அவர் கையில் எதுவும் இல்லை.

ஒப்புக்கு நிரப்புவதைக் குறைக்க ஒரு வழி, நிரப்பியதை வாசிக்கும் இடத்தில் வெளியாள் இருப்பது. இங்குள்ள நெறிமுறைக் குழுக்களில் மருத்துவர், விஞ்ஞானி மட்டுமின்றித் துறைக்கு வெளியே உள்ள சாதாரணர் ஒருவராவது இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர், சமூகத் தொண்டர் என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். நான் பார்த்தவரையில் மிக உபயோகமான கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது: ‘நான்கு முறை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறீர்களே, சக்கர நாற்காலியில் வருபவரின் டாக்சிக் காசு யார் கொடுப்பார்?’ இருபது பக்க விண்ணப்பத்தில் அதற்கு விடை இருக்காது. அடுத்த திருத்தத்தில் இருக்கும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் இத்தகைய குழுக்களுக்கு இன்னும் வரலாம். பட்டம் கேட்க மாட்டார்கள், வாசிக்கப் பொறுமை வேண்டும்.

குழுவில் சேர முடியாவிட்டாலும், உங்களையோ உங்கள் அம்மாவையோ ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்கலாம். என் ரத்தமும் தரவும் இந்த ஆய்வு முடிந்த பிறகு எங்கே போகும்? வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பீர்களா? பாதியில் விலகினால் ஏற்கெனவே எடுத்ததை என்ன செய்வீர்கள்? முடிவு தெரிந்ததும் எனக்குச் சொல்வீர்களா? தாளின் தமிழ் வடிவம் இருக்கிறதா? இல்லை என்றால் யாராவது தமிழில் விளக்க முடியுமா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் தயங்குவார்கள். டாக்டர் சொன்னால் சரி என்று பேனாவை எடுத்துவிடுவார்கள். கேட்பது அவர்கள் உரிமை, பதில் சொல்வது ஆய்வாளரின் கடமை.

அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும். ஒன்று ஆய்வாளருடையது, இன்னொன்று நெறிமுறைக் குழுவின் அலுவலகத்துடையது. இரண்டாவதற்கு அழைப்பவர்கள் மிகவும் குறைவு. குறை இருந்தால்தான் அழைக்க வேண்டும் என்பதும் இல்லை, புரியவில்லை என்றாலே அழைக்கலாம். அழைப்பு வந்தால் குறித்துக்கொண்டு, தேவைப்பட்டால் அடுத்த கூட்டத்தில் குழுவின் முன் வைப்போம்.